நித்தியகல்யாணியும் நோயணுவும்

கொல்கத்தா மாநகரின் தென்பகுதியில் ராஷ்பிஹாரி அவென்யூவும் கரியாஹாட் சாலையும் சந்திக்கும் நாற்சந்தியைக் கரியாஹாட் மோர் என்று வங்காளிகள் வழங்குவர். சேலைக் கடைகளுக்கும் மீன் அங்காடிக்கும் பெயர் போன இடம் அது. அந்தச் சுற்றுவட்டாரத்துப் பழைய வீடுகளின் முகப்புகளை அண்ணாந்து பார்த்தால், மண் தொட்டிகளில் ஐந்து இதழ்களுடன் இளஞ்சிவப்பாகவோ வெண்மையாகவோ பூத்து நிற்கும் ஒரு சிறு செடியைக் காணலாம். பூவின் நடுவே கருமணி போல ஒரு புள்ளி இருக்கும். அதனாற்போலும் வங்காளிகள் அதற்கு நயன்தாரா, அதாவது கண்ணின் மணி, என்று பெயரிட்டனர். நாம் நம் ஊரில் நித்தியகல்யாணி என்று அறிந்த செடி இதுவேயாம்.

வேலையின் பொருட்டுப் பல மாநிலங்களிலும் சிதறி வாழும் நேயர்கள் இச்செடியைப் பல பெயர்களில் சந்தித்திருப்பர். இந்தி வழங்கும் நாடுகளில் இது சதாபஹார், மராட்டியத்தில் சதாபுலி, தெலுங்கில் பில்ல கன்னேரு. எக்காலமும் பூப்பது என்னும் கருத்தே இவற்றுள் பலவற்றில் அமைந்திருக்கிறது. தமிழகத்திலேயே சில பகுதியினர் இதனைச் சுடுகாட்டுப் பூ என்று சொல்லி வீட்டு முற்றத்தில் சேர்ப்பதில்லை. இவ்வாறு ஒருவர் கல்யாணி என்றும் மற்றொருவர் சுடுகாட்டுப் பூ என்றும் அழைக்கும் இச்செடிக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட ஆல்கலாய்டுகள், அதாவது தாவரங்களில் விளையும் நைட்ரஜன் கலந்த சேர்மங்கள், உள்ளன. அவற்றுள் இரண்டு, புற்றுநோய் மருத்துவத்தின் போக்கையே மாற்றின. அவற்றின் கதையையும், அவை நோயுற்ற உயிரணுவினுள் என்ன செய்கின்றன என்பதையும், அதனையொட்டி நம்மவர் வீடுகளில் நேரும் ஒரு பெரும் ஆபத்தையும் ஈண்டுக் கூறுவோம்.

முதலில் ஒரு செய்தி. நித்தியகல்யாணி நம் நாட்டுச் செடியன்று. அதன் தாயகம் மடகாஸ்கர் தீவு. கப்பல்களின் வழியே உலகின் வெப்ப நாடுகள் எங்கும் பரவிற்று. வந்தேறிய செடியாயினும், இன்று நம் தென் மாவட்டங்களுக்கு அது சோறு போடுகிறது. இராமநாதபுரம், விருதுநகர், தூத்துக்குடி, திருநெல்வேலி ஆகிய மாவட்டங்களின் வானம் பார்த்த பூமியில் இது பயிரிடப்படுகிறது. மழை பொய்த்தாலும் தாங்கி நிற்கும். ஆடு மாடுகள் பெரும்பாலும் வாய் வைப்பதில்லை. லக்னோவிலுள்ள மத்திய மருந்துச் செடிகள் ஆராய்ச்சி நிலையத்தார் நிர்மல், தவல் என்னும் வெள்ளைப் பூ இரகங்களை உழவர்க்கு அளித்துள்ளனர். இலை புற்றுநோய் மருந்துக்கும், வேர் இரத்த ஓட்டம் பற்றிய மருந்துக்கும் செல்கின்றன, அயல்நாடுகளுக்கும் ஏற்றுமதியாகின்றன. சாத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து வங்காளத்தில் வேலை பார்ப்பவர் ஒருவருக்கு, தம் ஊர்க் கரிசல் காட்டு இலை மருத்துவமனை ஊசியாக மாறுவது புதுமையாகத் தோன்றலாம், ஆனால் உண்மை.

இனி, கண்டுபிடித்த வரலாற்றுக்கு வருவோம். 1952ஆம் ஆண்டில் கனடா நாட்டு வைத்தியர் கிளார்க் நோபிள் என்பவருக்கு ஜமைக்காத் தீவிலிருந்து ஓர் உறை வந்தது. அதனுள் 25 இலைகள் இருந்தன. அத்தீவினர் நீரிழிவுக்கு இவ்விலையைக் கஷாயமிட்டுக் குடிக்கின்றனர் என்பது உடன் வந்த செய்தி. நம் நாட்டிலும் சர்க்கரை நோய்க்கு இதை மெல்லுவோர் உண்டு என்பதை நேயர்கள் அறிவர். கிளார்க் நோபிள் அவ்விலைகளைத் தம் தம்பியாராகிய ராபர்ட் நோபிளிடம் சேர்ப்பித்தார். ராபர்ட் நோபிள் மேற்கு ஒன்டாரியோப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்து கொண்டிருந்தார்.

இலைச் சாற்றை எலிகளுக்குப் புகட்டிப் பார்த்தனர். இரத்தத்தில் சர்க்கரை குறையவில்லை. ஊசி வழியே செலுத்திப் பார்த்தனர். அப்போதும் சர்க்கரை அசையவில்லை. ஆனால் எலிகள் சில நாள்களில் மடிந்தன. வேறொருவராயிருந்தால், இது பயனற்ற நச்சு இலை என்று குப்பையில் எறிந்திருப்பர். நோபிள் குழுவினரோ, எலிகள் எதனால் இறந்தன என்று ஆராய்ந்தனர். அவை கிருமித் தொற்றால் இறந்திருந்தன; கிருமிகளை எதிர்க்க வேண்டிய வெள்ளணுக்கள் அவற்றின் இரத்தத்தில் பெரிதும் குறைந்திருந்தன. வெள்ளணுக்களைக் குறைக்கும் சாறு, வெள்ளணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகும் இரத்தப் புற்றுநோய்க்கு ஏன் உதவலாகாது? 1954இல் சார்லஸ் பீர் என்னும் இரசாயன விஞ்ஞானி அக்குழுவில் சேர்ந்து, அச்செயலுக்குக் காரணமான சேர்மத்தைப் பிரித்தெடுத்தார். 1958இல் அது உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அதுவே வின்பிளாஸ்டின். அதே காலத்தில் அமெரிக்காவில் எலி லில்லி கம்பெனியைச் சேர்ந்த கார்டன் ஸ்வபோடா குழுவினரும் தனி வழியில் இதே செடியை ஆராய்ந்து வந்தனர். வின்கிரிஸ்டின் என்னும் இரண்டாவது மருந்து அவ்வழியில் வந்தது. 1963இல் அது அமெரிக்க அரசின் அனுமதி பெற்றது.

இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு மிகச் சிறிது. ஒன்றில் மெதில் என்னும் சிறு கூறு இருக்குமிடத்தில் மற்றொன்றில் பார்மைல் என்னும் கூறு இருக்கிறது. மற்றவை எல்லாம் ஒன்றே. எனினும் வின்பிளாஸ்டின் நிணநீர்க் கணுக்களில் தோன்றும் ஹாட்ஜ்கின் நோய்க்கும், வின்கிரிஸ்டின் சிறுவர்களின் இரத்தப் புற்றுநோய்க்கும் சிறப்பாகப் பயன்படலாயின. 1950களின் தொடக்கத்தில் அந்த இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தை பிழைப்பது மிக அரிது. இன்று, வின்கிரிஸ்டினைப் பிற மருந்துகளோடு கூட்டிக் கொடுக்கும் முறையால், மருத்துவ வசதி மிக்க நாடுகளில் 100 குழந்தைகளுள் ஏறத்தாழ 90 பேர் ஐந்தாண்டுகளும் அதற்கு மேலும் வாழ்கின்றனர்.

இம்மருந்து உயிரணுவுக்குள் என்ன செய்கிறது? கரியாஹாட்டிலேயே ஓர் உவமை கிடைக்கிறது. துர்கா பூஜை நெருங்கியதும் ஏக்டாலியா முதலிய இடங்களில் வானளாவப் பந்தல் எழும்புவதை இவ்வூர்த் தமிழர் அறிவர். மூங்கில்களை ஒன்றோடொன்று கட்டி எழுப்புவர். பூஜை முடிந்ததும் அவிழ்த்துக் கொண்டு போவர். உயிரணுவினுள்ளும் இத்தகைய மூங்கில்கள் உண்டு. டியூபுலின் என்னும் புரதத் துண்டுகள் அடுக்கடுக்காகச் சேர்ந்து நுண்குழல்கள் ஆகின்றன. வேண்டாதபோது மறுபடியும் துண்டுகளாகப் பிரிகின்றன. உயிரணு ஒன்று இரண்டாகப் பிரியும் தருணத்தில் இந்நுண்குழல்கள் ஒரு பந்தலைப் போல் எழும்பி, மரபுக் கூறுகளாகிய குரோமோசோம்களைப் பற்றி, பாதியை ஒரு பக்கமும் பாதியை மறுபக்கமும் இழுத்துச் செல்கின்றன. நித்தியகல்யாணியின் ஆல்கலாய்டு டியூபுலினைப் பற்றிக்கொண்டு, பந்தல் கட்டவே விடாமல் செய்கிறது. பிரிவதற்கு ஆயத்தமான உயிரணு பாதி வழியில் நின்றுவிடுகிறது. நின்ற உயிரணு மடிகிறது.

புற்றுநோய் அணுக்கள் ஓயாமல் பிரிவன. ஆதலின் அவையே முதலில் அகப்படுகின்றன. ஆனால் நம் உடலில் ஓயாமல் பிரியும் நல்ல அணுக்களும் உண்டு. எலும்பு மஜ்ஜை, குடலின் உட்சுவர், மயிர்க்கால் ஆகியவற்றில் உள்ளவை அத்தகையன. மருந்துக்கு நண்பன், பகைவன் என்ற பாகுபாடு முழுமையாகத் தெரியாது. முடி உதிர்வதும் வாந்தியும் வெள்ளணுக் குறைவும் புற்றுநோய் மருந்துகளில் ஏன் நேர்கின்றன என்பது இதனால் விளங்கும். வின்கிரிஸ்டினில் மற்றொரு துன்பமும் உண்டு. நரம்பணுக்கள் பிரிவதில்லை; ஆயினும் முதுகுத் தண்டிலிருந்து கால் விரல் வரை நீளும் நரம்பு இழைகளினூடே பொருள்களைச் சுமந்து செல்லும் பாதை அதே நுண்குழல்களே. ஆகவே கை கால் விரல்களில் மரமரப்பு உண்டாகிறது. இம்மருந்தை ஒரு வேளைக்கு 2 மில்லிகிராமுக்கு மேற்படாமல் கொடுப்பது பொதுவான வழக்கு. அதனை இரத்தக் குழாயில்தான் செலுத்துவர். தவறி முதுகுத் தண்டு நீரில் செலுத்தினால் உயிருக்கே முடிவாகும். நாம் இவ்வளவையும் சொல்வது அச்சுறுத்துவதற்கன்று. மில்லிகிராமில் அளக்கப்படும் இந்நஞ்சு இருக்கும் இலையைக் கைப்பிடி கைப்பிடியாகக் கொதிக்க வைத்துக் குடிப்போர் இருக்கின்றனர் என்பதற்காகவே சொல்கிறோம்.

இலையில் இம்மருந்து இருக்கும் அளவோ மிகச் சொற்பம். ஒரு கிராம் வின்பிளாஸ்டின் பெற ஏறக்குறைய 500 கிலோ உலர்ந்த இலை வேண்டும். கேதராந்தின், விண்டோலின் என்னும் இரு கூறுகள் இணைந்தால்தான் வின்பிளாஸ்டின் பிறக்கும். செடி, முன்னதை இலையின் மேற்பரப்பு மெழுகிலும் பின்னதை இலையின் உள்ளேயும் பிரித்தே வைத்திருக்கிறது. பூச்சிகளுக்கு எதிராகத் தான் சேர்த்து வைத்த நஞ்சைச் செடி எளிதில் ஒன்றுகூட விடுவதில்லை. 2022ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பெர்க்லியிலும் டென்மார்க்கிலும் பணியாற்றிய விஞ்ஞானிகள், ரொட்டி நொதிக்க வைக்கும் ஈஸ்டின் மரபுக் கூறுகளை மாற்றி, அவ்விரு கூறுகளையும் அதனுள்ளேயே விளையச் செய்து, பின்னர் இணைத்து வின்பிளாஸ்டினாக்கிக் காட்டினர். இது தொழிற்சாலை அளவில் வளருமாயின் மருந்துத் தட்டுப்பாடு நீங்கும். விளாத்திகுளத்து உழவர் என்ன செய்வார் என்னும் கேள்வி மட்டும் நமக்கு எழாமல் இல்லை.

இவ்வாராய்ச்சியில் கொல்கத்தாவுக்கும் ஒரு பங்கு உண்டு. அசீமா சட்டர்ஜி என்னும் அம்மையார் 1917இல் இந்நகரில் பிறந்தார். 1944இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் டி.எஸ்ஸி. பட்டம் பெற்றார், இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் அப்பட்டம் பெற்ற முதற் பெண்மணி அவரே. 1962இல் இரசாயனத்தில் கைரா பேராசிரியரானார். 1975இல் இந்திய விஞ்ஞானக் காங்கிரஸின் பொதுத் தலைமையை ஏற்ற முதற் பெண்மணியும் அவரே. சர்ப்பகந்தி, நித்தியகல்யாணி முதலிய செடிகளின் ஆல்கலாய்டுகளைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்தார். வின்கிரிஸ்டினைக் கண்டுபிடித்தவர் இவரே என்று சிலர் எழுதுகின்றனர், அது சரியன்று. கண்டவர்கள் யார் என்பதை மேலே சொன்னோம். இல்லாத புகழை ஏற்றிச் சொல்ல வேண்டிய நிலையில் அவ்வம்மையார் இல்லை. நம் ஊர் வாய்க்கால் வரப்பில் முளைக்கும் ஆரைக்கீரையை வங்காளிகள் ஷுஷ்னி ஷாக் என்று வாங்கிச் சமைக்கின்றனர். அக்கீரையைக் கொண்டு காக்காய் வலிப்புக்கு ஆயுஷ்-56 என்னும் மருந்தை உருவாக்கியதில் அவர் பங்கு பெரிது.

நித்தியகல்யாணியோடு இக்கதை முடிந்துவிடவில்லை. மகாராஷ்டிரத்தின் நந்துர்பாரில் பிறந்த மன்சுக் வாணி என்பவர், அமெரிக்காவின் வட கரோலினாவில் மன்றோ வால் என்பவரோடு கூடி, யூ என்னும் மரத்தின் பட்டையிலிருந்து கிடைத்த டாக்சாலின் அமைப்பை 1971இல் வெளியிட்டார். அதன் செயல் விந்தையானது. நித்தியகல்யாணி பந்தலைக் கட்ட விடாது. டாக்சாலோ கட்டிய பந்தலை அவிழ்க்க விடாது. இதனை 1979இல் சூசன் ஹார்விட்ஸ் என்னும் அம்மையார் நிறுவினார். அவிழாத பந்தலும் உயிரணுவுக்கு எமனே. டாக்சால் 1992இல் கருப்பைக்கு அருகிலுள்ள சூலகப் புற்றுநோய்க்கு அனுமதிக்கப்பட்டது. யூ மரத்தின் உறவு இமயத்திலும் உண்டு. பட்டைக்கும் இலைக்கும் ஆசைப்பட்டு வெட்டியதால் அது அருகிவிட்டது.

வால், வாணி இருவரும் 1966இல் சீனத்து மரமொன்றிலிருந்து காம்ப்டோதெசின் என்னும் மற்றொரு சேர்மத்தையும் கண்டனர். அது பந்தலை நாடுவதில்லை. முறுக்கேறிய கயிறு போன்ற மரபு இழையின் முறுக்கைத் தளர்த்த, ஒரு நொதி அதில் சிறு வெட்டுப் போட்டு மறுபடி ஒட்டுகிறது. ஒட்டுவதற்கு முன் இச்சேர்மம் இடையில் புகுந்து அமர்ந்துகொள்கிறது. வெட்டு வெட்டாகவே நிற்க, அணு அழிகிறது. சென்னை மாநிலக் கல்லூரியில் இரசாயனம் கற்பித்து, பின்னர் பம்பாயில் சீபா ஆராய்ச்சி நிலையத்தின் தலைமை ஏற்ற டி. ஆர். கோவிந்தாச்சாரி, என். விஸ்வநாதனுடன் சேர்ந்து, 1972இல் அதே சேர்மத்தை நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் துர்நாற்றம் வீசும் ஒரு மரத்தில் கண்டறிந்தார். சீனத்து மரத்தை விட அதில் அளவு மிகுதி. தமிழர் பலருக்கும் இப்பெயர் தெரியாதிருப்பது நமக்கு வருத்தமே.

கரியாஹாட்டிலிருந்து பாலிகஞ்ச் பாடி சென்று ஹாஜ்ரா சாலையில் மேற்கே திரும்பினால், சற்றுத் தொலைவில் சித்தரஞ்சன் தேசியப் புற்றுநோய் நிலையம் இருக்கிறது. 1950ஆம் ஆண்டு ஜனவரி 2இல், மேரி கியூரியின் மகளார் ஐரீன் ஜோலியோ-கியூரி அம்மருத்துவமனையைத் திறந்து வைத்தார். நம் அடையாற்றுப் புற்றுநோய் மருத்துவமனை டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் தொடங்கிற்று. அதற்கு நான்காண்டு மூத்தது இது. இதன் ஆராய்ச்சியாளர் நெடுங்காலமாக வேப்பிலையிலுள்ள ஒரு சர்க்கரைப் புரதத்தை எலிகளில் சோதித்து வருகின்றனர். அது புற்றணுவை நேரே கொல்வதில்லை. உடலின் காவல் அணுக்களைத் தட்டி எழுப்பி, அவற்றைக் கொண்டு கட்டியைக் கட்டுப்படுத்துகிறது என்பது அவர்கள் கண்டது. நாம் வேப்பம்பூ ரசம் வைப்பது போல் வங்காளிகள் இளவேனிலில் வேப்பங்கொழுந்தும் கத்தரிக்காயும் வறுத்து உண்பர். அது நாவுக்கு இதம். ஆனால் எலிக்கு ஊசி வழியே கொடுத்த தூய புரதமும் தட்டில் பரிமாறும் வறுவலும் ஒன்றல்ல.

மஞ்சளும் அவ்வாறே. மஞ்சளிலுள்ள குர்குமின், மார்பகப் புற்றணுக்களைத் தாமே மடியுமாறு தூண்டுகிறது என்று இந்நகரத்துப் போஸ் ஆராய்ச்சி நிலையத்தார் 2002இல் வெளியிட்டனர். அது செவ்விய ஆராய்ச்சி. ஆனால் கண்ணாடித் தட்டில் வளர்த்த அணுக்களின் மேல் குர்குமினை நேரே சொரியலாம்; வாயால் விழுங்கினாலோ குடல் அதனைச் சிறிதே ஏற்கிறது, கல்லீரல் ஏற்றதையும் விரைவில் மாற்றிவிடுகிறது. தட்டிலுள்ள அணுவைக் கொல்வது அத்துணை அரிய செயலுமன்று. கறியுப்பை மிகுதியாகக் கரைத்து ஊற்றினாலும் அது மடியும். நல்ல அணுவை விட்டுத் தீய அணுவைக் கொல்ல வேண்டும். இரத்தத்தில் போதிய அளவு சேர வேண்டும். மனிதர்க்குக் கொடுத்துப் பலன் காண வேண்டும். இச்சல்லடைகளில் எத்தனையோ சேர்மங்கள் நின்றுவிடுகின்றன.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நம்மைப் போன்றோர் இத்தகைய அறிக்கைகளைக் காணுந்தோறும் கவனிக்கும் ஒன்றுண்டு. மூலத்தில் 'வளர்ப்புத் தட்டிலுள்ள அணுக்களில்' என்றோ 'எலிகளில்' என்றோ ஒரு சொற்றொடர் இருக்கும். செய்தித்தாளுக்கு வரும்போது இடமின்மையால் அது நீங்கும். கைபேசியில் சுற்றும் செய்தியில் 'புற்றுநோயைக் குணப்படுத்தும் மூலிகை' என்று தலைப்பே ஏறிவிடும். உதிர்ந்தது ஒரு சொல். மாறியது பொருள் முழுவதும்.

இதன் விளைவு வீடுகளில் தெரிகிறது. மகளுக்கு மருத்துவமனையில் ஊசி போடுகிறார்கள்; முடி உதிர்கிறது, உண்ண முடியவில்லை. ஊரிலிருந்து பெரியம்மா தொலைபேசியில் அழைத்து, "ஏன் அந்த விஷத்தை ஏத்துறீங்க? நித்தியகல்யாணிக் கஷாயம் குடுங்க, அதிலிருந்துதானே மருந்தே எடுக்கிறாங்க" என்கிறார். அன்பினால் சொல்வதுதான். ஆயினும் அதே நஞ்சைத்தான், அளவு தெரியாமல், வேறு நூறு பொருள்களோடு கலந்து கொடுக்கச் சொல்கிறார் என்பதை அவர் அறியார். மருத்துவமனைச் சிகிச்சையை விட்டு மாற்று வைத்தியத்தை மட்டும் நாடியவர்களைப் பற்றி அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்து 2018இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றுண்டு. அவ்வாறு செய்த 281 நோயாளிகளை, முறையான சிகிச்சை பெற்ற 560 பேரோடு ஒப்பிட்டனர். முன்னவர் இறக்கும் வாய்ப்பு இரண்டரை மடங்கு. மார்பகப் புற்றுநோயில் ஐந்து மடங்குக்கும் மேல். காலத்தே பிடித்தால் குணமாகக்கூடிய நோய்கள் இவை என்பதே வேதனை.

சிகிச்சையை விடாமல், கூடவே கஷாயமும் குடிப்போர் இன்னும் மிகுதி. வின்கிரிஸ்டின் போன்ற மருந்துகளைக் கல்லீரலிலுள்ள ஒரு நொதி சிதைத்து வெளியேற்றுகிறது. சில மூலிகைகள் அந்நொதியை மந்தமாக்கும். மருந்து உடலில் தேங்கி நச்சு மிகும். வேறு சில அதனைத் துரிதப்படுத்தும். மருந்து வேலை செய்யுமுன் வெளியேறிவிடும். வீட்டில் எது கொடுத்தாலும் வைத்தியரிடம் மறைக்கலாகாது என்பதற்குக் காரணம் இதுவே. சமையலில் சேரும் மஞ்சளையும் வேப்பம்பூவையும் பற்றி எவரும் கவலைப்பட வேண்டியதில்லை. தனியே அரைத்தும் காய்ச்சியும் மாத்திரையாகவும் கொடுப்பவையே சொல்லத்தக்கன.

பிற மாநிலத்தில் வாழும் நமக்கு இதில் ஓர் இடைஞ்சல் உண்டு. வைத்தியர் வங்காளியோ மராட்டியரோ ஆவார். நித்தியகல்யாணி என்றால் அவருக்குப் புரியாது. நோயாளியின் தாயாருக்கு வேறு மொழி தெரியாது. மேலே நாம் பிறமொழிப் பெயர்களைத் தந்தது இதற்காகவே. அவற்றை ஒரு தாளில் எழுதிச் சிகிச்சைச் சீட்டோடு வைத்துக் கொள்ளலாம். பொடியாக வாங்கியிருந்தால் பொட்டலத்தையே கொண்டு செல்லலாம். செடியாக இருந்தால் பூவோடு கூடிய ஒரு கொத்தைக் கிள்ளிச் சென்று மேசை மேல் வைத்தால் போதும். நயன்தாராவை அடையாளம் காணாத மருத்துவரோ தாதியோ கொல்கத்தாவில் அரிது.